பென்சிலினுக்கு அடங்காத கழுத்துக் கட்டி

1949 ஜூலை 18, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிஷம். வானம் மூட்டமாக இருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொழும்பில் இப்படி மூட்டம் போட்டால் கால் மணியில் கொட்டித் தீர்த்துவிடும். சென்னை வானம் மிரட்டுவதோடு சரி.

நான் வந்தது ஊர் பார்க்க அல்ல. ஊர் பார்க்கக் கண் வேண்டுமே, அதற்காக வந்தேன். இடக்கண் பன்னிரண்டு வருஷமாக உபயோகமில்லை. மிச்சமிருந்த வலக்கண்ணிலும் புரை முற்றி, உலகத்தின்மேல் யாரோ மோரை ஊற்றிவிட்ட மாதிரி தெரிந்தது. சென்னையில் ஒரு கண் டாக்டர் கைராசிக்காரர் என்று கொழும்பில் நாலு பேர் சொன்னார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேருக்குப் பார்வை நன்றாக இருந்தது. அந்தக் கணக்கு எனக்குப் போதுமானதாகப் பட்டது. தேயிலைக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். கண் மங்கியும் எண்ணும் பழக்கம் போகவில்லை.

மயிலாப்பூருக்கு ஜட்கா வண்டி பிடித்தேன். பெட்டியோடு பின்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் முன்பக்கம் ஆகாயத்தை நோக்கிக் கிளம்பியது. குதிரையின் முன்கால்கள் தரையை விட்டுவிட்டன.

"முன்னால நகுந்து குந்து சாமி! குதிரை பறக்கப் பாக்குது" என்றான் வண்டிக்காரன். நான் நகர்ந்தேன். குதிரை பூமிக்கு வந்தது. "எங்கேர்ந்து வர்றே?"

"கொழும்பு."

"அங்கே ஜட்கா கீதா?"

"ரிக்ஷா உண்டு. மனிதர்கள் இழுப்பார்கள்."

"அது இங்கியும் கீது சாமி. ஆனா அதுங்களுக்குப் புல்லு போடறவன் யாருமில்லே" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினான்.

மயிலாப்பூரில் என் அக்கா அலமேலுவின் வீடு, குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. என்னைவிட ஐந்து வயது பெரியவள். வாசலில் என்னைப் பார்த்ததும் கண் கலங்கினாள். "ராமு, இளைச்சுட்டியேடா!" என்றாள். அடுத்த மூச்சில், "ரேஷனுக்கு எழுதிக்கணும், எத்தனை நாள் இருப்பே?" என்றாள். நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது; விருந்தாளி வந்தால் முதலில் அரிசிக் கடைக்குத்தான் தெரிவிக்கவேண்டியிருக்கிறது. காப்பி மட்டும் குறைவில்லை. கொழும்பில் நாங்கள் தேநீரைக் குடிக்கிறோம். மயிலாப்பூரில் காப்பியைக் குடிப்பதற்கு முன்னால் அதைப்பற்றிக் கால் மணி பேசுகிறார்கள்.

வீட்டில் அக்காவோடு நாலு பேர். அவள் கணவர், என் அத்திம்பேர், எழுபத்தாறு வயது, கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் வாதமாகத்தான் பேசுவார். மகன் கிச்சாமி பாங்கியில் குமாஸ்தா. அவன் மனைவி ஜெயா.

மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். கண்ணைப் பார்ப்பதற்கு முன் அவர் என் பல்லையும் காதையும் அக்குளையும் பார்த்தார். பசு வாங்க வந்தவர்போல் இருக்கிறதே என்று நினைத்தேன்.

"உடம்பில் எங்கேயாவது கட்டி, சீழ்?"

"இல்லை."

"நல்லது. இருந்தால் நான் கத்தி வைக்கமாட்டேன். கட்டியிலிருக்கிற கிருமி கண்ணுக்குள் போனால் ஒரே ராத்திரியில் கண் வெந்துபோகும். உமக்கு இருப்பது ஒரு கண். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வாரும். அந்த மாதக் கடைசியில் நான் சீமைக்குப் போகிறேன், திரும்ப ஆறு மாதம் ஆகும்."

ஆடி மாதத்தில் ஆபரேஷனா என்று அத்திம்பேர் முகம் சுளித்தார். ஆடியில் கூட்டம் குறைவு என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை வீட்டில் பூஜை. இந்த வீட்டு மடியைப்பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மடி என்றால், குளித்துத் துவைத்து உலர்த்திய துணியை, அதே மாதிரி குளித்தவர்கள் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. கூரையை ஒட்டி ஒரு கொடி. அதில் மடிவேஷ்டிகள் கோலால் ஏற்றிக் கோலால் இறங்கும். கண் தெரியாமல் ஒரு வேஷ்டியின் நுனியில் உரசிவிட்டேன். அதை மறுபடி நனைத்தார்கள். இன்னொன்றில் உரசினேன். அன்று மூன்று வேஷ்டிகள் என்னால் இரண்டாம் முறை குளித்தன.

"இவனுக்குப் பட்டைக் குடுத்துடு" என்றார் அத்திம்பேர் கடைசியில். "பட்டு எப்பவும் மடி. யார் தொட்டாலும் ஒண்ணுமில்லே."

பட்டு அங்கவஸ்திரம் ஒன்று, அரக்குக் கரை போட்டது. முதலில் அத்திம்பேர் அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பூஜை செய்தார். பிறகு கிச்சாமி. பிறகு நான். கற்பூரம், சந்தனம், விபூதி, இவற்றுக்கு அடியில் அத்திம்பேர் வாசனை. மூன்று கழுத்தையும் சுற்றிவிட்டு அது மறுபடி பெட்டிக்குள் போயிற்று. கொழும்பில் எங்கள் வண்ணான் இந்தத் துணியைக் கண்டால் வேலையை விட்டுவிடுவான் என்று தோன்றியது. விருந்தாளி ஆகையால் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை என் பிடரியில் ஒரு கொப்புளம். சாயங்காலம் அது எலுமிச்சம்பழம். கழுத்தைத் திருப்பமுடியவில்லை, யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பினேன்.

"சூடுடா. ரயில்ல வந்த சூடு" என்றாள் அக்கா. "இவருக்கு மே மாசம் இதே இடத்துலதான் வந்தது. அப்புறம் கிச்சாமிக்கு. ஜெயாவுக்குக் கையில."

அன்று வீட்டுக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஏழு வைத்தியம் சொன்னார்கள். எட்டாவதாக வந்தவர் கம்பவுண்டர் வரதன், சைக்கிளில். ஹாண்டில்பாரில் ஒரு தூக்கு, தூக்கினுள் ஐஸ், ஐஸினுள் ஒரு சின்னப் புட்டி.

"பென்சிலின் சாமி. யுத்தத்துல சோல்ஜருங்களுக்குப் போட்டது. கல்லு மாதிரி கட்டியா இருந்தாலும் கரைஞ்சிடும்" என்றார்.

புட்டியில் இருந்த வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, எனக்குக் கால் பாகம் ஊசியில் எடுத்தார். "முழுதும் போடவேண்டாமா?" என்று கேட்டேன்.

"போடலாம் சாமி, மூணு மணிக்கு ஒரு தபா, ராவும் பகலும் குத்திகினே இருக்கணும். உங்களுக்கு எதுக்கு அந்த ரோதனை? ஆனா ஒண்ணு, தொறந்த புட்டியை வச்சிகினு இருக்க முடியாது. வெய்யில்ல வீணாப் பூடும்."

வீணாவது என்ற சொல்லைக் கேட்டதும் வீடே எழுந்து வந்தது. மிச்சத்தில் அக்கா முழங்கால் வலிக்கு ஒரு பங்கு போட்டுக்கொண்டாள். கிச்சாமிக்கு ஜலதோஷம். ஜெயாவுக்குச் சோர்வு. அத்திம்பேருக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் போட்டுக்கொள்ளும்போது அவர்மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். ஊசி ஒன்றுதான்; ஒவ்வொருவருக்கும் நடுவில் அதை ஒரு பஞ்சால் துடைத்தார். மே மாதத்திலிருந்து இதுதான் வழக்கம் என்று தெரிந்தது. யாருக்குக் கட்டி வந்தாலும் புட்டி ஒன்று, பங்கு எல்லாருக்கும்.

இரண்டு நாளில் கட்டி சுருங்கியது. மூன்றாம் ஊசி வேண்டாம் என்று நானே சொன்னேன். சரியானபின் மருந்து எதற்கு? நாலாம் நாள் கட்டி பழைய இடத்துக்கே, பெரிதாகத் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சால்வை போர்த்திக்கொண்டு போனேன். கண் டாக்டர் சால்வையை எடுக்கச் சொன்னார்.

"போய்விட்டு வாரும்" என்றார்.

"கண்ணைப் பாருங்கள், டாக்டர்."

"கழுத்தைப் பார்த்துவிட்டேன். இதை மேஜைமேல் படுக்கவைத்தால் உமக்கு மட்டுமல்ல, உமக்குப் பின்னால் வருகிறவனுக்கும் கண் போகும். இருபத்தொன்பதாம் தேதி கடைசி. அன்றும் சீழ் இருந்தால் அடுத்த மார்ச்சு."

அடுத்த மார்ச்சுக்குள் இந்தக் கண்ணில் வெளிச்சம்கூட மிஞ்சாது என்று கொழும்பிலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் டிராமின் கம்பு மின்கம்பியிலிருந்து கழன்று, வண்டி நடுத்தெருவில் நின்றது. கொழும்பு டிராமிலும் கழலும். அங்கே கண்டக்டர் இறங்கி மாட்டுவான். இங்கே பயணிகள் பத்துப் பேர் இறங்கி, மாட்டுகிறவனுக்கு யோசனை சொன்னார்கள். நான் இறங்கவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை என்பதோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் எண்ணத் தோன்றவும் இல்லை.

கிச்சாமி என்னைத் தியாகராய நகரில் ஒரு பெரிய டாக்டரிடம் அழைத்துப்போனான். அவர் காத்திருக்கும் அறையில் புடவை மூட்டைகளோடு ஒரு கல்யாணக் கோஷ்டி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளைக்கு இருமல், முகூர்த்தத்துக்கு முன் பென்சிலின் போட்டுவிட வேண்டுமாம்.

"பொண்ணு வீட்டுலயும் போட்டுண்டாச்சாம்" என்றாள் ஒரு அம்மாள் பெருமையாக. சீர் வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டதுபோலிருந்தது.

டாக்டர் அனைவருக்கும் எழுதிக் கொடுத்தார். எனக்கு முழு அளவு, மூன்று மணிக்கு ஒருமுறை, அங்கேயே படுக்கவைத்து. ஐந்து நாள். நாற்பது ஊசி. நாற்பது என்பது என் கணக்கு; அவர்கள் முப்பத்தெட்டு என்றார்கள். கட்டி அசையவில்லை. அதற்கு ஒரு தம்பியும் பிறந்தான்.

"விசித்திரமா இருக்கே" என்றார் டாக்டர். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு கொஞ்சம் சீழை எடுத்துக்கொண்டு அடையாற்றில் ஒரு பரிசோதனைச் சாலைக்குப் போகச் சொன்னார்.

அந்தச் சாலையை நடத்தியவர் டாக்டர் சாராள் அம்மாள். திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி, வந்ததும் பூதக்கண்ணாடி யந்திரத்தில் பார்க்கச் சொன்னார்.

"திராட்சைக் குலை மாதிரி தெரியுதா ஐயா? அதுதான் ஸ்டாபிலோகாக்கஸ்."

எனக்குத் தெரிந்தது வெள்ளைப் புகை. "அற்புதம்" என்றேன்.

பிறகு ஒரு கண்ணாடித் தட்டை என் விரலுக்குக் கீழே வைத்தார். கிருமிக்கான ஆகாரத்தை அதில் உறையவைத்து, நடுவில் குழி வெட்டி, குழியில் பென்சிலின் ஊற்றியிருக்கிறார்களாம். "சாதாரணக் கிருமின்னா குழியைச் சுத்தி ஒரு விரற்கடைக்குக் கிட்ட வராது. வெறும் இடமா இருக்கும். உங்களுது குழியோட விளிம்பு வரைக்கும் வந்து வளர்ந்திருக்கு. பென்சிலினை உடைச்சுப் போடுற சரக்கை அதுவே தயார் பண்ணுது. இன்னும் நாற்பது ஊசி போட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"என் கட்டியில் எப்படி இது வந்தது?"

"வீட்டுல யாராவது முன்னே பென்சிலின் போட்டாங்களா?"

சொன்னேன். புட்டியைப் பற்றியும் பங்கைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அரைகுறையா அடிச்சா, சாகக்கூடியது சாகும். தாக்குப் பிடிக்கிறது தங்கும். தங்கினதுதான் பெருகும். மே மாசத்திலிருந்து நீங்க எல்லாரும் சேர்ந்து பலசாலியாப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கீங்க."

கம்பெனியில் ஆள் எடுத்தபோதுகூட நாங்கள் இவ்வளவு கவனமாகப் பொறுக்கியதில்லை.

"சரி, ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு எப்படிப் போச்சு? பொதுவா எதைப் புழங்குறீங்க? துண்டு, தலையணை?"

"எங்கள் வீட்டில் ஒருவர் துணியை ஒருவர் தொடவே மாட்டார்கள். மடி" என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே. பிறகு ஞாபகம் வந்தது. "பூஜைக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் உண்டு. கழுத்தில் போட்டுக்கொள்வது. மூன்று பேரும். மடித்து வைப்பது மருமகள்."

"அதைக் கடைசியாத் துவைச்சது எப்போ?"

"பட்டைத் துவைப்பதில்லை. அத்திம்பேரின் அறுபதாம் கல்யாணத்தில் வாங்கியது."

"அது எப்போ?"

"பதினாறு வருஷம் ஆகிறது."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "காய்ஞ்ச துணியில இந்தக் கிருமி வாரக்கணக்கா உயிரோட இருக்கும் ஐயா. கொதிக்கவைங்க. ஆளுக்கு ஒரு துண்டு. கட்டியைத் தொட்டா சோப்புப் போட்டுக் கையைக் கழுவணும். கட்டிமேல வச்சுக் கட்டின துணியை எரிக்கணும். கட்டியைக் கீறிச் சீழை வெளியே விடச் சொல்லுங்க. ஊசி வேண்டாம். அவசியமில்லாத யாருக்கும் இனிமே வேண்டாம்."

அடையாற்று பஸ்ஸில் நான் தனி ஆசனத்தில் உட்கார்ந்து வந்தேன். யாரும் கேட்காமலே பக்கத்தில் இடம் விட்டார்கள். என் கழுத்து அப்படி இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்திம்பேர் எழுந்து நின்றார். கோர்ட்டில் நின்ற மாதிரி.

"பட்டை நனைக்கறதாவது! பட்டுக்கு ஏதுடா தீட்டு? கொழும்புல இருந்துண்டு ஆசாரத்தை மறந்துட்டே."

"தீட்டு என்று நான் சொல்லவில்லை அத்திம்பேர். கிருமி."

"பட்டே ஒரு புழு பண்ணினது. அதுல இன்னொரு புழு எப்படி வரும்? சொல்லு. யாராத்துலயாவது பட்டைக் கொதிக்கவச்சுக் கேட்டிருக்கியா? கரை என்ன ஆகும்? ஜரிகை என்ன ஆகும்?"

"என் கண் என்ன ஆகும்?"

"அது வேற கேஸ்."

நான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். திருவல்லிக்கேணியில் ஏதாவது ஒரு லாட்ஜில் தங்கிக்கொள்வதாகச் சொன்னேன். கையால் தடவித் தடவிக் கட்டியதில் அத்திம்பேரின் வேஷ்டி ஒன்றும் உள்ளே போய்விட்டதாக ஜெயா பிறகு சொன்னாள். அப்போது சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். நேரே பட்டு வைக்கிற பெட்டியைத் திறந்தாள், அங்கவஸ்திரத்தை எடுத்தாள்.

"அலமு, என்ன பண்றே?"

"அஞ்சு வயசுலேர்ந்து இவனைக் கையைப் பிடிச்சுண்டு அழைச்சுண்டு போனவ நான். மறுபடியும் சாகற மட்டும் கையைப் பிடிச்சுண்டு போக என்னால முடியாது. உங்க பட்டுக்கு ஒரு கண்ணைக் குடுக்கமுடியாது, போங்கோ" என்றாள்.

வெந்நீர் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பட்டு அதில் இறங்கிற்று. அரக்குக் கரை தண்ணீர் முழுவதும் பரவியது. அத்திம்பேர் அன்று ராத்திரி மோர்சாதம்கூடச் சாப்பிடவில்லை. மறுநாள் கொடியில் தொங்கிய அங்கவஸ்திரம் ஒரே ரோஜா நிறமாக இருக்கிறது என்றாள் ஜெயா. அழகாகத்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

அதன்பின் ஆளுக்கு ஒரு துண்டு. என்னுடையதன் ஓரத்தில் அக்கா பச்சை நூலால் தடிப்பாக ஒரு தையல் போட்டாள், விரலால் தடவினால் தெரியும்படி.

தியாகராய நகர் டாக்டர் கட்டியைக் கீறினார். கத்தியைத் தேட மட்டும் கால் மணி ஆயிற்று. "பென்சிலின் வந்தப்புறம் இதைத் தொட்டே ஆறு மாசமாச்சு" என்றார். சாராள் அம்மாள் எழுதிய சீட்டில் கை கழுவுவது பற்றி இரண்டு இடத்தில் அடிக்கோடு இருந்தது. நான் காதால் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததாலோ என்னவோ, வெகு நேரம் சோப்புத் தேய்த்தார். கீறியபோது வலித்தது. ஆனால் ஐந்து நாள் பென்சிலின் செய்யாததை அந்தக் கத்தி அரை நிமிஷத்தில் செய்தது.

அந்த வாரம் வரதன் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தார். "அம்மா, இப்போ பெரிய புட்டி வந்துகீது. சல்லிசு."

"இங்கே யாருக்கும் ஒண்ணுமில்லே" என்று அக்கா கதவைப் பாதி சாத்தினாள்.

"சும்மா தெம்புக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்ப்பா."

அவர் வருத்தப்படவில்லை. அடுத்த வீட்டில் மணியடித்தார். அங்கே கதவு உடனே திறந்தது. எத்தனை பேருக்கு என்று யாரோ உள்ளிருந்து எண்ணுவது எனக்குக் கேட்டது.

இருபத்தேழாம் தேதி கண் டாக்டர் என் பிடரியை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். தழும்பு காய்ந்திருந்தது. கிருமி மூக்கிலும் ஒளிந்திருக்குமாம்; அங்கே ஒரு பஞ்சைவிட்டுச் சோதனைக்கு அனுப்பினார், ஒன்றும் இல்லை என்று வந்தது. இருபத்தொன்பதாம் தேதி காலையில் புரையை எடுத்தார்.

பிறகு பத்து நாள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இரண்டு கண்ணிலும் கட்டு. இருமக்கூடாது, தும்மக்கூடாது, திரும்பக்கூடாது. கண்ணுக்குள் லேசாகத் துடித்தால் போதும், திராட்சைக் குலை ஒன்று அங்கே பழுக்கிறது என்று நிச்சயமாகிவிடும். அக்காவைக் கூப்பிடுவேன். "ஒண்ணுமில்லேடா, தூங்கு" என்பாள். அவள் என்னைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழாய் திறக்கிற சத்தம் கேட்கும். எழுபத்திரண்டு வயதில் புதிதாக ஒரு மடி கற்றுக்கொண்டாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வந்தது.

கட்டை அவிழ்த்தபோது முதலில் தெரிந்தது நீலம். மோர் போய்விட்டது. எதிரில் ஆள் உயரத்துக்கு ஏதோ அசைந்தது; அழுதபடி மூக்கை உறிஞ்சியதால் அக்கா என்று தெரிந்துகொண்டேன். இன்னும் ஆறு வாரம் கழித்து, சோடாப் புட்டி அடி கனத்துக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதலில் அம்பாள் சந்நிதியைப் பார்க்கவேண்டும் என்றாள் அக்கா. முதலில் பஞ்சாங்கம் என்றார் அத்திம்பேர். பேச்சுவார்த்தை மறுபடி ஆரம்பமாகியிருந்தது. இருவரையும் முந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பில்லை நீட்டினார்.

ஆகவே, திரும்பக் கிடைத்த என் வலக்கண் முதன்முதலில் படித்தது அந்தக் காகிதத்தைத்தான். ஒவ்வொரு எழுத்தும் முத்தாகத் தெரிந்தது. மேலிருந்து கீழே வந்தேன். ஆபரேஷன், அறை, தாதி, பஞ்சு. ஏழாவது வரியில் நின்றேன். பென்சிலின் சொட்டு, பத்து நாள்.

"இது எதற்கு? கண்ணில் சீழ் வந்ததா?"

"இல்லை சார்."

"என் கிருமி இதற்கு அடங்காது என்று சோதனையே எழுதிக் கொடுத்திருக்கிறதே?"

"ஆமாம் சார், காகிதம் இருக்கு. ஆனா இது எல்லாருக்கும் போடறதுதான். ஒரு பாதுகாப்புக்கு."

அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அச்சடித்த வரி, அடிக்க முடியாது என்றார். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். துரதிருஷ்டவசமாகச் சரியாக இருந்தது. ஜட்கா, டிராம், வரதன், தியாகராய நகர், அடையாறு, கண், கண்ணாடி, பலிக்காத பென்சிலின் எல்லாம் சேர்த்து என் மொத்தச் செலவு, அறுநூற்றுப் பதினேழு ரூபாய் ஒன்பது அணா.